புது கிளட்ச் போட்டும் கியர் விழவில்லை: கேபிளைத் திருகுவதா, கியர் பாக்ஸை மறுபடி இறக்குவதா?

கம்பெனி கிளட்ச் விலையைக் கேட்டு மலைத்துப்போய், வெளியில் வேறு பிராண்ட் கிட் (கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் சேர்ந்த செட்) வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடுவது நம் ஊரில் சகஜம். பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. வந்தால் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறது. ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்கிறது. சிக்னலில் ஃபர்ஸ்ட் கியர் விழ மறுக்கிறது. அல்லது பெடல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்கிறது, ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது. சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைக்காரரைக் கேட்டால் "மாட்டின விதம் சரியில்லை" என்பார். மெக்கானிக்கைக் கேட்டால் "பார்ட் சரியில்லை" என்பார், இல்லாவிட்டால் "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும் சார்" என்று அனுப்பிவைப்பார்.

இந்த நிலையில் வண்டிக்காரர் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: பொறுத்துப் பார்ப்பது, கேபிளை அட்ஜஸ்ட் செய்வது, ஹைட்ராலிக்கைச் சரிபார்ப்பது, கியர் பாக்ஸை மறுபடி இறக்குவது, கிட்டையே மாற்றிவிடுவது. முதலாவதற்குக் காசு இல்லை. கடைசிக்கு, முதல் தடவை ஆன செலவு அப்படியே இன்னொரு தடவை. என் கட்சி இதுதான்: வெளியிலிருந்து பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்து முடிக்கும்வரை கியர் பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள். ஆனால் ஒரு தடவை இறக்கிவிட்டால் ஒரு பொருளை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றவும் விடாதீர்கள்.

விடவில்லையா, பிடிக்கவில்லையா?

'கிளட்ச் சரியில்லை' என்ற ஒரே புகாருக்குள் நேர் எதிரான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, கிளட்ச் விடவில்லை. பெடலை முழுசாக மிதித்தும் கிளட்ச் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தை விட்டுப் பிரியாமல் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கியர் விழாததும் ரிவர்ஸில் சத்தம் வருவதும் இதனால்தான். மற்றது, கிளட்ச் பிடிக்கவில்லை. பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பிளேட் வழுக்குகிறது. இதைத்தான் 'ஸ்லிப்' என்கிறோம். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதை மோசமாக்கும். கேபிளை இறுக்கினால் விடாத கிளட்ச் விட ஆரம்பிக்கும்; ஏற்கெனவே வழுக்கும் கிளட்ச் இன்னும் வழுக்கும். அதனால் எது என்று தெரியாமல் ஸ்பேனரை எடுப்பதில் அர்த்தமில்லை.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நின்ற வண்டியிலேயே கியர் முரண்டு பிடித்தால் கிளட்சைக் குற்றம் சொல்ல வேண்டாம். கியர் பாக்ஸை ஏற்றும்போது கியர் லிவர் கேபிளோ அதன் பிராக்கெட்டோ சரியாக உட்காரவில்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கூடவே கியர் பாக்ஸில் ஆயில் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் டிரைவ் ஷாஃப்ட்டை உருவினால் ஆயில் வெளியே வரும். திரும்ப அளவாக ஊற்றினார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, பெடலை முழுசாக மிதித்து, மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு மெதுவாக ரிவர்ஸ் போடுங்கள். நிறைய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) கிடையாது. அதனால் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் ஒளிக்காமல் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். மிதித்த உடனே போட்டால் கொஞ்சம் உரசுவது சாதாரணம், ஷாஃப்ட் நிற்க நேரம் வேண்டும். ஐந்து விநாடி பொறுத்த பிறகும் 'கர்ர்' என்றால் கிளட்ச் விடவில்லை.

ஸ்லிப் பார்க்க ஆளில்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் நிதானமாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை ஒரேயடியாக அழுத்துங்கள். டேகோமீட்டர் முள் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கி நின்றால் ஸ்லிப். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழியை ஓரிரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். புது பிளேட்டை நாமே கருக்கிவிடுவோம்.

பொறுத்துப் பார்ப்பது எப்போது சரி

மெக்கானிக் சொல்லும் 'செட் ஆயிடும்' முழுப் பொய் அல்ல. புது பிளேட்டின் லைனிங்கும் (பிடிப்புக்காக அதன் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) ஃப்ளைவீல் முகமும் ஒன்றுக்கொன்று பழக நகர ஓட்டத்தில் சுமார் 500 கி.மீ. ஆகலாம். அதுவரை கிளம்பும்போது லேசான உதறலும் சின்ன வாடையும் இருந்தால் பதற வேண்டாம். பெடல் முன்னைவிட லேசாக இருப்பதும், பிடிக்கும் இடம் கீழே இறங்கியிருப்பதும்கூடத் தனியாகப் பார்த்தால் கோளாறு இல்லை. தேய்ந்த கிளட்ச் பெடலைக் கனமாக்கும், பிடிக்கும் இடத்தையும் மேலே தள்ளும். நம் கால் அந்தப் பழைய கனத்துக்குப் பழகியிருப்பதால் புதுசு விசித்திரமாகத் தெரிகிறது.

ஆனால் விடாத கிளட்ச் ஓட்ட ஓட்டச் சரியாகாது. ஒவ்வொரு தடவை கியரைத் திணிக்கும்போதும் சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. கிளட்ச் வேலை கடைசியில் கியர் பாக்ஸ் வேலையாகிவிடும். ஸ்லிப்பும் அப்படியே. வழுக்கும் பிளேட் சூடாகி, லைனிங் பளபளவென்று இறுகிப்போய் மேலும் வழுக்கும். அந்த நிலையில் யாராவது "மலை ஏத்தினா தெரிஞ்சிடும்" என்று கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னால் கேட்காதீர்கள். ஆக, பொறுத்துப் பார்ப்பது லேசான உதறலுக்கு மட்டும்.

கேபிள் வண்டியா? பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்

மாருதி 800, ஆல்டோ, பழைய சான்ட்ரோ மாதிரி வண்டிகளில் கிளட்ச் கேபிளில்தான் இயங்குகிறது. நம்மூர் மெக்கானிக் பாஷையில் கிளட்ச் வயர். இதில் புது கிட் போட்டதும் ஏன் தகராறு வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு ஏன் முதல் இடம் கொடுக்கிறேன் என்பதும் புரியும்.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். அதன் நடுவில் இருக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களை ரிலீஸ் பேரிங் உள்ளே தள்ளினால் கிளட்ச் விடும். பிளேட் தேயத் தேய அந்த விரல்கள் கியர் பாக்ஸ் பக்கமாக வெளியே வரும். அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு சர்வீஸிலும் கேபிளைத் தளர்த்திக்கொண்டே வந்திருப்பார்கள். இப்போது புது கிட் போட்டால் விரல்கள் மறுபடி உள்ளே போய்விடும். கேபிள் மட்டும் பழைய தளர்விலேயே நிற்கும். பேரிங் விரலைத் தொடுவதற்கே பெடலின் பாதி தூரம் செலவாகிவிடும். மிச்சம் இருக்கும் தூரத்தில் கிளட்ச் முழுசாக விடாது. பிளேட்டும் நல்லது, பிரஷர் பிளேட்டும் நல்லது. ஒரு நட்டைத் திருகினால் போதும்.

பெடலின் ஃப்ரீ பிளே எவ்வளவு என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 10 முதல் 25 மி.மீ.க்குள்தான் வரும். விரலால் பெடலை அழுத்தினால் எதிர்ப்பு தெரியும்வரை உள்ள தூரம் அது. ஸ்கேலை வைத்து அளக்கலாம். இன்னொரு பக்கமும் உண்டு: பிடிப்பு சரியாக வேண்டும் என்று ஃப்ரீ பிளேவே இல்லாமல் இறுக்கிவிட்டால் பேரிங் எப்போதும் விரலை அழுத்திக்கொண்டே இருக்கும். நன்றாக இருந்த கிளட்ச் ஸ்லிப் ஆகும், பேரிங்கும் கத்த ஆரம்பிக்கும். 'புது கிளட்ச் ஸ்லிப் ஆகிறது' என்று கேபிள் வண்டிக்காரர் சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அட்ஜஸ்ட் செய்தும் அளவு நிற்கவில்லை என்றால் கேபிளையே மாற்றுங்கள். உள்கம்பி பிரிந்தோ, உறைக்குள் துரு ஏறியோ இருந்தால் மிதிக்கும் தூரத்தில் ஒரு பங்கு உறை வளைவதிலேயே போய்விடும். கிளட்ச் கிட்டோடு ஒப்பிட்டால் கேபிள் விலை ஒன்றுமே இல்லை. உண்மையில் கிட் போடும்போதே மாற்றியிருக்க வேண்டிய பொருள். கூட ஒரு ஆளை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, கேபிள் இன்ஜின் அறைச் சுவரில் நுழையும் இடத்தையும் பாருங்கள். அந்தத் தகடோ பெடல் பிராக்கெட்டோ வளைந்து கொடுத்தால் எந்த பிராண்ட் கிட் போட்டாலும் இதே கதைதான்.

ஹைட்ராலிக் வண்டியில் கணக்கு வேறு

ஹைட்ராலிக்கில் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் வேலை செய்கிறது. பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும்; கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தில் ரிலீஸ் பேரிங்கை நகர்த்தும். பெடலை நாம் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மிதித்தாலும் உள்ளே பிரஷர் பிளேட் பிரிவது ஓரிரு மி.மீ. அளவுதான். அதனால் குழாயில் சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் அந்த ஓரிரு மி.மீ. காணாமல் போய்விடும்.

சோதனை எளிது. பெடலை விறுவிறுவென்று நாலைந்து தடவை மிதித்துவிட்டு கியர் போடுங்கள். அப்போது மட்டும் சுலபமாக விழுந்தால் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே கசிகிறது. மிதித்தபடியே சிக்னலில் காத்திருக்கும்போது வண்டி மெல்ல முன்னால் ஊர ஆரம்பித்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல் போகும். எத்தனை தடவை மிதித்தாலும் மாற்றமே இல்லை என்றால் கோளாறு கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி முடிவு, உங்கள் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னோவா மாதிரி வண்டிகளில் அது கியர் பாக்ஸுக்கு வெளியே தொங்குகிறது. அங்கே யோசிக்கவே வேண்டாம். முதலில் ஏர் எடுங்கள், தேறாவிட்டால் ஸ்லேவையும் மாஸ்டரையும் மாற்றுங்கள், கியர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஃபோர்டு ஃபிகோ போன்றவற்றில் ஸ்லேவும் ரிலீஸ் பேரிங்கும் ஒன்றாகி, ஷாஃப்டைச் சுற்றி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதை மாற்ற கியர் பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும். பழைய ஸ்லேவைத் துடைத்து அப்படியே மாட்டிவிட்டு, பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் மட்டும் புதுசு போட்ட வேலைகளில்தான் அதிகம் சிக்கல் வருகிறது. தேய்ந்த கிளட்சில் ஒரே இடத்தில் ஓடிப் பழகிய சீல், புது கிளட்சில் வேறு இடத்தில் ஓட வேண்டியிருக்கிறது. அங்கே அழுக்கு படிந்திருந்தால் சில நாளில் கசிவு. கிளட்சும் பிரேக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஆயில் எடுக்கும் வண்டிகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டப்பாவில் அளவு இறங்கினால் ஊற்றிவிட்டு ஓட்டாதீர்கள், எங்கே போகிறது என்று பாருங்கள். ஊற்றுவதும் மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயிலாக மட்டும் இருக்கட்டும். தப்பித்தவறி இன்ஜின் ஆயிலோ ஸ்டியரிங் ஆயிலோ போனால் எல்லா ரப்பர் சீலும் ஊதிவிடும்.

ஏர் எடுப்பதற்கு ஆகும் காசு சில நூறுகள். கியர் பாக்ஸ் இறக்கும் கூலி ஆயிரங்களில். இந்த வித்தியாசத்துக்காகவே ஹைட்ராலிக் வண்டியில் ஏர் எடுக்காமல் வேறு எதையும் பேச விடாதீர்கள்.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

வெளியே எல்லாம் சரி, பேரிங் முழுத் தூரம் நகர்கிறது, அப்படியும் விடவில்லை. அல்லது ஃப்ரீ பிளே சரியாக இருந்தும் வழுக்குகிறது. இனி தள்ளிப்போடுவது வீண்.

விடாத கிளட்சுக்கு உள்ளே முதல் சந்தேகம் பிளேட்டைத் திருப்பி மாட்டியது. பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். தவறிப் போட்டால் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும். இரண்டாவது, வளைந்த பிளேட். ஜாக்கி இல்லாமல் இரண்டு பேர் கையால் கியர் பாக்ஸைத் தூக்கி ஏற்றும்போது, ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நிலையில் மொத்த எடையும் ஒரு கணம் பிளேட்டின் மேல் தொங்கினாலும் அது வளையும். கண்ணுக்குத் தெரியாது, சுற்றவிட்டு டயல் கேஜ் வைத்தால்தான் தெரியும். ஓரத்தில் அரை மி.மீ.க்கு மேல் ஆடினால் அந்த பிளேட் வேண்டாம். மூன்றாவது, ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் பற்களில் பிளேட் வழுக்கி நகராதது. கிரீஸே போடாவிட்டால் ஒட்டும். அள்ளிப் பூசினால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் படிந்து உதறலையும் ஸ்லிப்பையும் கொண்டுவரும். தடவிவிட்டுத் துணியால் துடைத்த பிறகு மிஞ்சும் அளவு போதும்.

வழுக்கும் கிளட்சுக்கு நான் முதலில் பார்ப்பது ஃப்ளைவீல். லேத்தில் ஃபேசிங் போட்டார்களா, அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்கினார்களா என்று கேளுங்கள். சில வண்டிகளில் ஃப்ளைவீல் தட்டையாக இருக்காது. பிளேட் படும் முகம் பள்ளமாகவும், பிரஷர் பிளேட் போல்ட் போடும் விளிம்பு மேடாகவும் இருக்கும். இதில் முகத்தை மட்டும் சீவினால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்துவிடும். புது கிட், நல்ல பிராண்ட், அப்படியும் ஸ்லிப். முகத்தில் எவ்வளவு எடுத்தார்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். லேத் பட்டறைக்கு இது தெரிந்திருக்கும், ஆனால் யாராவது சொல்லி அனுப்பினால்தான் செய்வார்கள். பெரிய டீசல் கார்களில், உதாரணத்துக்கு ஸ்கோடா லாரா டீசலில், இரட்டை ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த இரண்டு துண்டு) இருக்கும். அதை லேத்துக்கு அனுப்புவது பற்றிப் பேச்சே வேண்டாம். ஆட்டம் அதிகமானால் மாற்றுவதுதான்.

தானாக அட்ஜஸ்ட் ஆகும் பிரஷர் பிளேட்டுகளும் இப்போது நிறைய வருகின்றன. இவற்றைப் பிரத்யேக டூல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மாட்ட வேண்டும். வழக்கமான பாணியில் போல்ட்டைத் திருகி ஏற்றினால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்ட் வளையம் இடம் மாறிவிடும், முதல் நாளிலிருந்தே கிளட்ச் சரியாக விடாது. இங்கே பார்ட்டைக் குறை சொல்லிக் கடைக்குப் போனால் கிளைம் கிடைக்காது.

கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் ஃபோர்க், அது சாயும் உருண்டை, ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமானதை மாற்றிவிடுங்கள். ஃபோர்க்கின் உருண்டை தேய்ந்திருந்தால் அந்தத் தேய்வு அப்படியே பேரிங்கின் தூரத்தில் குறையும். மூன்றாவது தடவை இறக்கும் கூலியைவிட இவை எல்லாம் மலிவு.

அதே கிட்டா, வேறா?

உள்ளே பார்த்த பிறகு பிளேட் வளையவில்லை, கருகவில்லை, எண்ணெய் படவில்லை, அளவும் சரி என்றால் அதே கிட்டை மறுபடி போடலாம். வெளி பிராண்ட் என்பதாலேயே அது மட்டம் இல்லை. லுக், வேலியோ, எக்ஸெடி போன்ற நிறுவனங்கள் கார் தொழிற்சாலைகளுக்கே கிளட்ச் செய்து கொடுப்பவை. லுக்குக்கு ஓசூரிலேயே ஆலை உண்டு. கம்பெனிப் பெட்டியில் வருவதும் பல சமயம் இவர்கள் செய்ததுதான். இப்படிப்பட்ட கிட் தகராறு செய்தால் முதல் சந்தேகம் தவறான பார்ட் நம்பர் மேல் போக வேண்டும். ஒரே மாடலின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், வருஷத்துக்கு வருஷமும், பிளேட்டின் விட்டமும் ஸ்ப்லைன் பற்களும் பேரிங்கின் உயரமும் மாறும். பற்கள் பொருந்தாவிட்டால் ஷாஃப்டிலேயே ஏறாது, உடனே தெரிந்துவிடும். பேரிங் உயரம் மாறினால் எல்லாம் மாட்டிக்கொள்ளும், கிளட்ச் மட்டும் விடாது. பழைய பேரிங்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்தால் அரை நிமிஷ வேலை. அப்புறம், பெட்டி நல்ல பிராண்டாக இருந்தாலும் உள்ளே இருப்பது போலியாக இருக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஸ்டாக்கிஸ்ட்டிடம் பில்லோடு வாங்குவதற்கு அதுதான் காரணம்.

ரீ-லைனிங் செய்த பிளேட் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும். வாடகை வண்டியை எப்படியாவது நாளைக்கு ஓட வைக்க வேண்டும் என்பவர் அதை எடுப்பது எனக்குப் புரிகிறது. சொந்த காருக்கு நான் போட மாட்டேன். ஸ்பிரிங்கும் ஹப்பும் பழசு, லைனிங் மட்டும் புதுசு. கூலி இரண்டுக்கும் ஒன்றே.

சக்தி கூட்டிய இன்ஜினுக்காக கனமான பிரஷர் பிளேட், செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் என்று போட்டவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதன் குணமே வெடுக்கென்று பிடிப்பதுதான். சென்னை டிராஃபிக்கில் உதறுகிறது என்று அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, அதற்குப் பொறுத்துப் பார்த்தலும் உதவாது. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு அது சுகம். அலுவலகம் போய் வருகிறவருக்குத் தண்டனை. ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தி கூட்டிய) டீசலுக்குப் பழைய கிளட்ச் தாங்கவில்லை என்றால், லைனிங் வகையை மாற்றாமல் கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட் மட்டும் போடுவது நடுவழி. அதிலும் பெடல் கனக்கும். கேபிள் வண்டியில் கேபிள் சீக்கிரம் நைந்துபோகும்.

கம்பெனி கிட்டுக்கே திரும்பலாமா என்றால், வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தாலோ, தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையாக இருந்து உங்கள் மெக்கானிக்கிடம் டூல் இல்லாமல் இருந்தாலோ, ஆமாம். சர்வீஸ் சென்டரில் பார்ட், கூலி இரண்டுக்கும் ஒரே ஆள் பொறுப்பு. "பார்ட் சரியில்லை, மாட்டினது சரியில்லை" என்ற பந்தாட்டம் அங்கே நடக்காது. அந்த நிம்மதிக்குத்தான் கூடுதல் விலை. ஃபோர்டும் செவர்லேயும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. செவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கம்பெனி பார்ட் உடனே கிடைக்காத நாளில் அவர்களுக்கு நல்ல வெளி பிராண்ட்தான் முதல் வழி. அதை மாட்டத் தெரிந்த கைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

காசு விஷயத்தில் ஒன்று. கிட் மேல் கிளைம் கிடைத்தாலும் பொதுவாகப் பார்ட்டுக்கு மட்டும்தான் மாற்று கொடுப்பார்கள், இறக்கி ஏற்றிய கூலிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதனால் இறக்குவதற்கு முன்னாலேயே மெக்கானிக்கிடம் பேசிக்கொள்ளுங்கள்: மாட்டினதில் தப்பு என்றால் கூலி இல்லை, பார்ட்டில் தப்பு என்றால் கூலி நான் தருகிறேன் என்று. பிரிக்கும்போது பக்கத்தில் நின்று, பிளேட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எங்கே உரசிய தடம் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிளட்சையும் புது கிட்டின் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், வண்டி ஆயிரம் கி.மீ. ஓடும்வரை டிக்கியிலேயே வைத்திருங்கள்.